கழுத்தில் கட்டும் நெறி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

வாய், தொண்டைப் புற்றுநோய் குறித்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, புண் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கழுத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் கழுத்து நெறிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, என் கணவருக்கு வயது 52. இருபது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். நாக்கின் இடது ஓரத்தில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்து, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கழுத்தில் நெறி எதுவும் இல்லை என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும், நாக்கில் உள்ளதை எடுக்கும்போதே கழுத்தையும் திறந்து நெறிகளை எடுத்துவிட வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். இல்லாத நோய்க்குக் கழுத்தை எதற்கு அறுக்க வேண்டும்? வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளக் கூடாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, தாங்கள் கேட்டிருப்பது புற்றுநோய் அறுவை மருத்துவர்களே பல பத்தாண்டுகள் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதற்குத் தெளிவான விடை 2015-இல்தான் கிடைத்தது. அதுவும் நம் நாட்டில், மும்பை டாட்டா நினைவு மையத்தில் கிடைத்தது.

முதலில் நோய் நகரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். நம் உடலில் உள்ள ஏறத்தாழ 800 நிணநீர் முடிச்சுகளில் 300 வரை கழுத்திலேயே இருக்கின்றன; இவை வீங்கித் தட்டுப்படுவதையே நெறி கட்டுவது என்கிறோம். தாங்கள் காவிரிக் கரையில் இருப்பவர். வயலில் மிகுந்த நீர் வடிவாய்க்காலில் இறங்கி, மதகு மதகாகக் கடந்து ஆற்றில் சேருவதைப் பார்த்திருப்பீர்கள். நாக்கு, ஈறு, கன்னம் ஆகியவற்றின் திசுக்களில் ஊறும் நிணநீரும் அப்படித்தான் மெல்லிய நாளங்களில் வடிந்து, தாடைக்கு அடியிலும் கழுத்தின் பெரிய சிரையை ஒட்டியும் வரிசையாக உள்ள முடிச்சுகளைக் கடந்து, கடைசியில் இரத்தத்தோடு கலக்கிறது. நாக்குப் புண்ணிலிருந்து கழன்ற புற்றுச் செல்லுக்கும் அதே வடிவாய்க்கால்தான் வழி. கழுத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நாங்கள் மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறோம்; நாக்கு ஓரத்து நோய் பெரும்பாலும் முதல் மூன்று மண்டலங்களில்தான் முதலில் தங்கும்.

ஸ்கேனில் நெறி இல்லை என்பதற்கு, ஸ்கேனின் கண்ணுக்கு எட்டும் அளவில் இல்லை என்பதே பொருள். முடிச்சுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒதுங்கியிருக்கும் செல் கூட்டம் ஸ்கேனிலும் தெரியாது, தடவிப் பார்க்கும் விரலுக்கும் அகப்படாது. தொடக்கநிலை வாய்ப்புற்றுநோயில், கழுத்து சுத்தமாக இருக்கிறது என்று பரிசோதனையில் முடிவானவர்களிலும் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு, எடுத்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது நோய் ஒளிந்திருப்பது தெரியவருகிறது.

மும்பை ஆய்வில், தங்கள் கணவரைப் போன்ற தொடக்கநிலை நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வாய்ப்புண்ணோடு சேர்த்துக் கழுத்து முடிச்சுகளையும் எடுத்தார்கள். மறுபாதியினருக்கு வாய்ப்புண்ணை மட்டும் எடுத்து, நெறி கட்டினால் அப்போது கழுத்தைத் திறப்பது என்று விட்டுவைத்தார்கள். முதல் 500 பேரின் விவரங்களைக் கணக்கிட்டபோது, மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முன்கூட்டியே எடுத்த பிரிவில் 80 விழுக்காடு, காத்திருந்த பிரிவில் 67.5 விழுக்காடு. நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 69.5, 45.9 விழுக்காடு. காத்திருந்தவர்களை யாரும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை; முறைப்படி வரவழைத்துப் பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியிருந்தும் அவர்களுக்குக் கழுத்தில் நோய் தென்பட்டபோது அது முற்றிய நிலையில் இருந்தது. ‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில் உள்ள சிக்கல் இதுதான் அம்மா: வந்தது நமக்குத் தெரிவதற்குள் அது ஒரு படி மேலே போய்விடுகிறது.

ஒரு விலக்கும் உண்டு. புண் நாக்குக்குள் இறங்கிய ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்கு, கழுத்தைத் திறந்ததால் அத்தகைய தெளிவான பயன் அந்த ஆய்வில் தெரியவில்லை. எனவே ‘ஆழம் எவ்வளவு?’ என்று தங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மிகக் குறைந்த அளவு கதிரியக்க மருந்தைப் புண்ணைச் சுற்றி ஊசியாகப் போட்டு, அது முதலில் போய்ச் சேரும் காவல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையும் இருக்கிறது. தொடக்கநிலை நோய்க்கு அது நல்ல மாற்று. ஆனால் அணு மருத்துவப் பிரிவும் அதில் பழகிய குழுவும் உள்ள இடத்தில் மட்டுமே செய்துகொள்ளத்தக்கது.

‘கழுத்தை அறுப்பது’ என்ற சொல் தரும் அச்சம் எனக்குப் புரிகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1906-இல் விவரித்த முறையில், முடிச்சுகளோடு கழுத்தின் பெரிய தசை, உட்கழுத்துச் சிரை, தோளைத் தூக்கும் நரம்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். தங்கள் கணவருக்குச் செய்யப்போவது அது அன்று. இந்த நிலையில் அம்மூன்றையும் காப்பாற்றிவிட்டு, முடிச்சுகள் பொதிந்த கொழுப்புத் திசுவை மட்டுமே உரித்தெடுப்பார்கள். தழும்பு கழுத்து மடிப்பிலேயே மறைந்துவிடும். காது மடலும் தாடைக்குக் கீழுள்ள தோலும் சில மாதங்கள் மரத்திருக்கும். சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டாலும் வலி தெரியாது என்பதால் அவருக்கு மின் சவரக் கருவி ஒன்று வாங்கிக்கொடுங்கள். நரம்பைக் காப்பாற்றினாலும் அதைத் தொட்டு விலக்கிய காரணத்தால் கையை மேலே தூக்குவது சிறிது காலம் சிரமமாக இருக்கலாம். தோள் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்கிவிட வேண்டும். இதில் அலட்சியமாக இருந்து தோள் இறுகிப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. வலது கழுத்தில் நெல்லிக்காய் அளவு நெறி கட்டி ஏழு வாரம் ஆகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கரையவில்லை. காசநோயாக இருக்கும் என்கிறார் ஒருவர். அறுத்து எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
— வாசகர், விருதுநகர்

பதில்: பல் சொத்தை, தொண்டைப்புண், தலைப்பொடுகில் வந்த சீழ்க்கட்டி ஆகியவற்றுக்கும் கழுத்தில் நெறி கட்டும், அது தொட்டால் வலிக்கும், காரணம் நீங்கியதும் இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். நம் பக்கத்தில் கண்டமாலை என்று பெயர் வைத்திருக்கும் காசநோய் நெறியும் இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் நாற்பது வயதைக் கடந்தவருக்கு, மூன்று வாரத்துக்கு மேல் வலியின்றிக் கெட்டியாக நிற்கும் நெறியை, வேறு என்று நிரூபணமாகும் வரை புற்றுநோயாகவே கருதிப் பரிசோதிக்க வேண்டும். மூன்றாவது ஆன்டிபயாடிக்கை வாங்க வேண்டாம்.

முதலில் அறுத்து எடுக்கவும் வேண்டாம். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனையே முதற்படி. புற்றுநோயா காசநோயா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த மெல்லிய ஊசியால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. நெறி புற்றுநோயால் வந்ததாக இருந்து, அதை அவசரப்பட்டு அறுத்து எடுத்துவிட்டால், கழுத்தின் திசு அடுக்குகள் கலைந்துபோய், பிறகு முறையாகச் செய்ய வேண்டிய அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடைஞ்சலாகிறது.

ஊசிப் பரிசோதனையோடு, காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்ப்பதும் கட்டாயம். கழுத்தில் நெறி பெரிதாகத் தெரிய, அதை அனுப்பிய மூலப் புண் நாக்கின் அடிவேரிலோ டான்சிலிலோ மூக்கின் பின்புறத்திலோ கடுகளவாக ஒளிந்திருப்பது உண்டு. அப்போது நெறியில் எடுத்த செல்களே துப்புக் கொடுக்கும்: அவற்றில் எச்.பி.வி. வைரஸின் தடயம் இருந்தால் டான்சிலையும் நாக்கின் அடியையும், எப்ஸ்டீன் பார் வைரஸின் தடயம் இருந்தால் மூக்கின் பின்புறத்தையும் தேட வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்குக் கன்னப் புற்றுநோய் அறுவை முடிந்து பத்து நாளில் அறிக்கை கையில் கிடைத்தது. ‘34 முடிச்சுகளில் 2-இல் நோய், முடிச்சின் உறையைத் தாண்டிய பரவல் உண்டு’ என்று இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதே, இனி கரண்டும் கீமோவும் எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். என்ன சொல்வது?
— வாசகர், சேலம்

பதில்: அந்த அறிக்கையின் ஒரு வரிக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். அறுவை அரங்கிலிருந்து வந்த கொழுப்புத் திசுவை நோய்க்குறியியல் மருத்துவர் விரல்களுக்கிடையே அழுத்தி அழுத்தித் தடவுவார். மஞ்சள் கொழுப்புக்குள் பயறு போலவும் அவரைக்கொட்டை போலவும் முடிச்சுகள் தட்டுப்படும். ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்து, நறுக்கி, மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். இப்படிப் பதினெட்டுக்குக் குறையாத முடிச்சுகள் கிடைத்திருந்தால் கழுத்து நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது என்று கொள்வது வழக்கம். தங்கள் அண்ணனுக்கு 34 கிடைத்திருப்பது நல்ல செய்தி.

கவலைக்குரியது அடுத்த சொற்றொடர். ஒவ்வொரு முடிச்சையும் மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கிறது. புற்றுச் செல்கள் உறைக்குள் அடங்கியிருப்பது ஒரு நிலை. அதை உடைத்துச் சுற்றியுள்ள கொழுப்புக்குள் வந்துவிடுவது முற்றிலும் வேறு நிலை. 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலை வகைப்பாட்டில், முடிச்சுகளின் அளவு, எண்ணிக்கை ஆகியவற்றோடு உறையைத் தாண்டியதா என்பதையும் சேர்த்துக்கொண்டதற்கு இதுவே காரணம். உறை உடைந்திருந்தால், கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்த பிறகும் கழுத்தின் மென்திசுவில் செல்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

இத்தகையவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் போதுமா என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, உறை தாண்டியவர்களும் வெட்டிய ஓரத்தில் நோய் மீந்தவர்களும் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துப் பெறுவதால் பயனடைகிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளில் மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது. சிறுநீரகம், செவித்திறன் இரண்டையும் சோதித்த பிறகே இதைத் தொடங்குவார்கள்.

அண்ணனிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. ‘கரண்டு வைப்பது’ என்று நம் மக்கள் சொல்வதாலோ என்னவோ, உடம்பில் மின்சாரம் பாயும் என்று அஞ்சி நாள் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மின்சாரம் உடம்பைத் தொடுவதே இல்லை, எக்ஸ்ரே எடுப்பதைப் போல அசையாமல் படுத்திருந்தால் போதும். இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எடுக்க வேண்டிய பற்களை இப்போதே எடுத்து ஈறு ஆறிவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகக்கூடும்.

கேள்வி: நெறிதானே நோயெதிர்ப்புச் சக்தியின் இருப்பிடம் என்கிறார்கள்? அம்மாவுக்குக் கழுத்து நெறிகளை எடுத்துவிட்டார்கள். இனி அவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடுமா? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி, கஷாயம் ஏதாவது கொடுக்கலாமா? அப்படி ஒரு சக்தி இருக்கும்போது புற்றுநோய் எப்படித்தான் வந்தது?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: சில பத்து முடிச்சுகளை எடுப்பதால் உடலின் பொது எதிர்ப்பாற்றல் குறைவதில்லை, மீதி நூற்றுக்கணக்கான முடிச்சுகளும் மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும் அப்படியே இருக்கின்றன. நிணநீர் வடியும் பாதை அறுபடுவதால் முகவாயின் கீழே காலையில் வீக்கம் தெரியலாம், அவ்வளவுதான்.

தங்கள் கடைசிக் கேள்விதான் ஆழமானது. உடலில் தோன்றும் மாறுபட்ட செல்களை வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்கள் தேடி அழிக்கின்றன. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்பவர்களுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் வாய், தொண்டைப் புற்றுநோய்கள் கூடுதலாக வருவதே அந்தக் காவலுக்குச் சான்று. புற்றுக்கட்டியின் துணுக்குகளை ஏந்திக்கொண்டு தூதுச் செல்கள் கழுத்து முடிச்சுக்கு வருகின்றன; அங்கேதான் டி செல்களுக்கு எதிரியின் அடையாளம் காட்டப்படுகிறது, அங்கேயே அவை பெருகிக் கட்டியை நோக்கிப் புறப்படுகின்றன. கட்டிக்குள் இந்த அணுக்கள் அடர்ந்து நுழைந்திருப்பவர்களுக்குச் சிகிச்சையின் பலன் பொதுவாக நன்றாக இருக்கிறது.

ஆனால் பிழைத்திருக்கும் புற்றுச் செல் இந்தக் காவலில் தப்பப் பழகியது. தன் அடையாளத்தை வெளியே காட்டும் புரதங்களைக் குறைத்துக்கொள்கிறது. அடக்கும் வகையைச் சேர்ந்த டி செல்களைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, டி செல்லின் மேலுள்ள பி.டி.-1 என்ற தடைக்கட்டையை, தன் மேலுள்ள பி.டி.-எல்1 என்ற புரதத்தால் அழுத்திவிடுகிறது. வீரன் வந்து நிற்கிறான், கை ஓங்கவில்லை. ஆகவே இங்கே குறைவது சக்தி அன்று; பிரேக் போடப்பட்டிருக்கிறது. பொடியும் கஷாயமும் அந்தப் பிரேக்கை எடுப்பதாக எந்த ஆதாரமும் இல்லை. கீமோ நடக்கும்போது சில மூலிகைகள் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுதல் சுமையாகின்றன. அம்மாவுக்கு முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் மிகுந்த உணவைக் குழைவாகச் செய்துகொடுங்கள். எடை குறையாமல் காப்பதே இப்போது அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

பிரேக்கை எடுக்கும் ஊசி மருந்துகள் வந்திருப்பது உண்மை. அதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சிஸ்பிளாட்டின் வகை மருந்துக்குப் பிறகும் வளர்ந்த தலை, கழுத்துப் புற்றுநோயில், அத்தகைய ஊசி மருந்தான நிவோலுமாப் கொடுத்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள். வழக்கமான மருந்துகளில் அது 16.6 விழுக்காடு. 2016-இல் வெளிவந்த இம்முடிவு மருத்துவ உலகில் பெரிதாகப் பேசப்பட்டது. நம் நாட்டில் அதன் விலைதான் பேச்சாக இருந்தது. மும்பை டாட்டா மையத்தினர் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை, குறைந்த அளவு மாத்திரைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 151 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினரும் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 விழுக்காட்டினரும் ஓராண்டைத் தாண்டியிருந்தார்கள். இது குணமாக்கும் அறுவைக்கு வாய்ப்பில்லாத நிலையில் உள்ளவர்களுக்கான சிகிச்சை. தங்கள் அம்மாவுக்கு இப்போது அதற்குத் தேவை இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

கேள்வி: நான் மருத்துவ மாணவன். டி செல்களுக்குக் கழுத்து முடிச்சில்தான் பயிற்சி என்றால், அந்த முடிச்சுகளை எடுத்துவிட்டும் கதிர்வீச்சால் பொசுக்கிவிட்டும் பிறகு, எதிர்ப்பாற்றலின் பிரேக்கை எடுக்கும் இம்யூனோதெரபி கொடுப்பது முரண்பாடு இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: நல்ல கேள்வி, இத்துறையில் இன்று நடக்கும் விவாதமே இதுதான். கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் ஆகியவற்றோடு கூடவே அவெலுமாப் என்ற தடைநீக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் நோயாளிகளுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. பெம்ப்ரோலிசுமாபை அதேபோலச் சேர்த்த ஆய்வும் வெற்றி பெறவில்லை. கழுத்து முழுவதையும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதில் பயிற்சிக்கூடமே அழிந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அதன் பின் வலுப்பெற்றது. இது இன்னும் கருத்துதான்.

முடிச்சுகள் உடலில் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கினால் என்ன என்ற திசையில் நடந்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. அறுவைக்கு உரிய முற்றிய நோயாளிகள் 714 பேரில் ஒரு பிரிவினருக்கு, அறுவைக்கு முன் இரண்டு முறையும் பின் பதினைந்து முறையும் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். நோய் முற்றுவதோ திரும்புவதோ இறப்போ இன்றிக் கழிந்த காலத்தின் இடைநிலை அளவு அவர்களுக்கு 51.8 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 30.4 மாதம். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க மருந்து ஆணையம், பி.டி.-எல்1 உள்ள கட்டிகளுக்கு இம்முறையை ஏற்றது. ஆனால் நோயுள்ள முடிச்சை எதிர்ப்பாற்றலுக்காக விட்டுவைக்கலாம் என்று இதைப் படித்துவிடாதீர்கள். அந்த ஆய்விலும் கழுத்து அறுவை முறைப்படியே நடந்தது. மாறியது வரிசை மட்டுமே.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் நோய். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கழுத்தில் இன்னும் சுண்டைக்காய் அளவுக்கு நெறி தட்டுப்படுகிறது. தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தூக்கமில்லாமல் இருக்கிறார். உடனே பெட் ஸ்கேன் எடுக்கட்டுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இப்போது வேண்டாம். கதிர்வீச்சின் புண் ஆறும் காலத்தில் உள்ள அழற்சியும் ஸ்கேனில் நோயைப் போலவே ஒளிரும், வீணாகப் பயந்துபோவீர்கள். சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரத்தில் எடுப்பதே முறை. முன்பெல்லாம் கழுத்தில் பெரிய நெறிகளோடு வந்தவர்களுக்கு, கதிர்வீச்சு முடிந்ததும் மீந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கழுத்து அறுவை செய்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிரிட்டனில் 564 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, பன்னிரண்டாம் வாரத்துப் பெட் ஸ்கேனைப் பார்த்துத் தேவையானவர்களுக்கு மட்டும் அறுவை செய்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டியது.

கரைந்துபோன நோயின் இடத்தில் தழும்புத் திசு மட்டும் கட்டியாக எஞ்சுவது உண்டு. ஐந்தாம் வாரத்துச் சுண்டைக்காயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது நாளுக்கு நாள் பெரிதானாலோ தோல் சிவந்தாலோ விழுங்குவது மீண்டும் கடினமானாலோ தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அதுவரை அப்பாவைத் தினமும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிறு காலை ஒருமுறை நீங்களே பார்த்து, அளவை ஒரு தாளில் குறித்துவையுங்கள். பன்னிரண்டாம் வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.